டி.சி. கிழிக்கும் நேரம்

டி.சி. என்ற சொல் வெளியே வந்ததும் தலைமை ஆசிரியர் அறையின் மின்விசிறி நின்றுவிட்டது. மின்வெட்டு என்பார்கள் விவரம் தெரியாதவர்கள். பயத்தில்தான் நின்றது.

ஏழாம் வகுப்புப் பெண் கண்ணைக் கசக்கிக்கொண்டு சுவரோரம் நின்றாள். ஊரில் அவளுக்கு வாயாடி என்று பெயர். இப்போது கட்டைவிரலால் தரையைக் கீறிக்கொண்டிருந்தாள்.

எதிரே கணக்கு வாத்தியார். கரும்பலகையில் தேதி எழுதும்போதே ஓடி வந்தவர், கையில் சாக்பீஸ் அப்படியே இருந்தது. வாத்தியார் இல்லாத அந்த வகுப்பறையிலிருந்து ஒரு முணுமுணுப்புக்கூட வரவில்லை. அப்படி ஓர் ஒழுக்கத்தை எந்தப் பள்ளிக்கூடமும் கண்டதில்லை.

"நேத்து என்னதான் நடந்தது?" என்றார் தலைமை ஆசிரியர்.

"பதினேழாம் வாய்ப்பாடு கேட்டேன் சார். முழிச்சா. மாடு மேய்க்கத்தான் லாயக்குன்னு வாய் தவறி வந்துடுச்சு."

"இந்த டி.சி.யைக் கிழிச்சுட்டா நாளைக்கு நிஜமாவே மாடுதான் மேய்க்கணும். தெரியுமில்ல?"

"குடும்பமே நடுத்தெருவுக்கு வந்துடும் சார்," என்றார் கணக்கு வாத்தியார். சாக்பீஸ் அவர் உள்ளங்கையில் மாவாகிவிட்டிருந்தது.

வெளியே டவுன் பள்ளிக்கூடத்து வேன் ஹாரன் அடித்தது. தலைமை ஆசிரியர் ஓடிப்போய் ஜன்னலைச் சாத்தினார்.

திரும்பி வந்து பேனா மூடியைக் கழற்றினார். மாட்டினார். மறுபடி கழற்றினார். மேஜைமேல் டி.சி. புத்தகம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

பெண் விசும்பினாள்.

"அழாதம்மா, இந்தா தண்ணி குடி," என்று தன் செம்பையே நீட்டினார். பிறகு பொதுவாகக் கெஞ்சினார்: "இந்த ஒரு தடவை மன்னிச்சு விட்டுடலாமே? வாய்ப்பாடுதானே, எங்கே போயிடப் போகுது?"

கணக்கு வாத்தியாரின் மூக்கு நுனியிலிருந்து ஒரு வேர்வைத் துளி புறப்பட்டு, கீழே விழவும் தைரியமில்லாமல் அங்கேயே தொங்கியது.

பெண் தண்ணீரைக் குடித்து முடித்தாள். புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு கணக்கு வாத்தியாரை மேலும் கீழும் பார்த்தாள்.

"சரி, மன்னிச்சுட்டேன்; ஆனா இன்னொரு வாட்டி வாய்ப்பாடு கேட்டாருன்னா, இந்தப் பள்ளிக்கூடத்துல இருக்கற ஒரே பிள்ளையும் வேன் ஏறிடும் சார்!"