ஒரு ஆம்பியர்

மறுபடியும் பல்ப் எரிந்துகொண்டிருந்தது.

ஸஃப்வானுக்கு எரிச்சல் உச்சந்தலைக்கு ஏறியது. இரண்டு தடவை கழற்றி எறிந்தாயிற்று. காவல்காரனைத் திட்டியாயிற்று, பூட்டை மாற்றியாயிற்று. இப்போது முன்னதைவிடப் பெரிய பல்ப், அதுவும் நட்டநடுவில்.

நாளைக்கு உச்சிவேளையில் திறப்பு விழா. செத்தவர்களின் குடும்பமெல்லாம் வரும்.

மாவு மில்லுக்குக் கீழே இருந்த பழைய நிலவறை அது. போர் நடந்தபோது தெருவே அதற்குள் போய் ஒளிந்தது. குண்டு விழுந்து கூரை இறங்கியது. யாரும் வெளியே வரவில்லை.

அந்த இடத்தில் நினைவுச்சின்னம் வேண்டும் என்றார்கள். கட்டடம் வரையும் ஸஃப்வானிடம் வேலையைக் கொடுத்தார்கள். அவன் சிலை வைக்கவில்லை, கொடி வைக்கவில்லை. படிக்குப் படி இருட்டு கூடிக்கொண்டே போகும்படி கட்டினான். கீழே போனால் கண் தெரியாது. கூரையில் ஒரே ஒரு பிளவு. உச்சிவேளையில் அது வழியாக வெயில் கீழே இறங்கும். அவ்வளவுதான்.

அந்த அவ்வளவுக்கே பார்த்தவர்கள் எல்லாரும் அழுதார்கள். தலைநகரிலிருந்து வந்த அதிகாரி, கோப்பில் கையெழுத்துப் போடவே ஆறு மாசம் இழுத்தடித்த மனுஷன், படியில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதான்.

உம்மு முஹன்னத் மட்டும் அழவில்லை.

முஹன்னதின் தாய். மூன்று வருஷமாக அவள் கண்ணிலிருந்து ஒரு சொட்டு வரவில்லை. துக்கத்துக்கு வந்த ஒப்பாரிக்காரி மார்பில் அறைந்து பாடினாள், பெண்கள் எல்லாரும் கதறினார்கள், இவள் வந்தவர்களுக்குக் காப்பி போதுமா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே அடைத்துக்கொண்டது ஒருநாள் அவளைக் கொன்றுவிடும் என்று ஊரே சொன்னது.

அவள் அழ வேண்டும். ஸஃப்வான் யாரிடமும் சொல்லாத ஆசை அது. இந்த இருட்டு, இந்தப் பிளவு, எல்லாமே அவளை நினைத்து வரைந்ததுதான். போன வாரம் இறங்கி வந்தவள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "சுவிட்ச் எங்க இருக்கு?" என்று கேட்டாள். இல்லை என்றதும் மேலே ஏறிப் போய்விட்டாள்.

போதாததற்கு இந்த பல்ப். இது எரிந்தால் கூரையிலிருந்து வரும் வெளிச்சம் செத்துப்போகும். இரண்டு வருஷ உழைப்பு வெறும் கோடவுன் ஆகிவிடும்.

ஒயரைப் பிடித்துக்கொண்டே போனான். அது சுவரேறி, கம்பம் தாண்டி, அபூ தலாலின் கொட்டகைக்குள் நுழைந்தது. அரசாங்கக் கரண்ட் போனால் தெருவுக்கு அவருடைய ஜெனரேட்டர்தான் கதி. இத்தனை ஆம்பியர் கரண்ட் என்று வீட்டுக்கு வீடு பேர் சொல்லிக் காசு கட்டி வாங்கிக்கொள்ள வேண்டும்.

"செத்தவங்க இடத்துக்கு எவன்யா லைன் குடுக்கச் சொன்னான்?" ஸஃப்வான் ஜெனரேட்டர் சத்தத்துக்கு மேல் கத்தினான்.

"கத்தாதீங்க உஸ்தாத். நான் திருட்டு லைன் குடுக்கறவன் இல்ல. பேர் சொல்லாம ஒருத்தருக்கும் குடுத்ததில்ல."

"என்ன பேரு?"

அபூ தலால் எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"முஹன்னத் பேர்ல ஒரு ஆம்பியர். அவன் அம்மா வந்து நின்னு கேட்டாங்க. என்னால மாட்டேன்னு சொல்ல முடியல. உங்களால முடியுமா, அபூ முஹன்னத்?"

முஹன்னதின் தகப்பன். மகன் பிறந்த நாளிலிருந்து ஊர் அவனை அப்படித்தான் கூப்பிட்டது. மூன்று வருஷமாக ஒருவர்கூடக் கூப்பிடவில்லை. இரக்கப்பட்டு எல்லாரும் வெறும் மரியாதையாக உஸ்தாத் என்று மாற்றிக்கொண்டார்கள்.

குண்டு விழுந்த அன்றைக்குப் பாலம் உடைந்து அவனும் அவன் பெண்டாட்டியும் அக்கரையில் மாட்டிக்கொண்டார்கள். பக்கத்து வீட்டார்தான் பையனைத் தூக்கிக்கொண்டு நிலவறைக்கு ஓடினார்கள்.

ஸஃப்வான் திரும்பி வந்தபோது அவள் கீழே பல்புக்கு அடியில் உட்கார்ந்திருந்தாள். மாற்றிய பூட்டின் சாவி பக்கத்தில் கிடந்தது. எத்தனை நாளாக வருகிறாளோ.

"நாளைக்கு ஊரே வருது. இது எரிஞ்சா நான் கட்டினதுக்கு அர்த்தமே இல்ல. கல்லுகூடக் கரையுது இங்க. உனக்கு மட்டும் என்ன?"

"வரவங்க அழுவாங்க, போயிடுவாங்க," என்றாள். "அவன் இங்கயேதான இருக்கணும். கொல்லைப்பக்கம் போகணும்னாகூட லைட்டு போட்டாத்தான் கட்டிலை விட்டு இறங்குவான். உங்களுக்குத் தெரியாததா? தெரிஞ்சுமா இப்படி இருட்டாக் கட்டினீங்க?"

ஸஃப்வானுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. எட்டி ஒயரைப் பிடித்து இழுத்தான். எங்கோ பிய்ந்தது.

இருட்டு இறங்கியது. கூரைப் பிளவு வழியாக உச்சி வெயில் வந்து தரையில் விழுந்தது, ஏழு வயசுப் பிள்ளை படுத்துக்கிடக்கும் நீளத்துக்கு. வரைந்தது போலவே இருந்தது. இம்மி பிசகவில்லை.

அவள் அழுதாள்.

அடிவயிற்றிலிருந்து வந்தது. மூன்று வருஷமும் சேர்ந்து வந்தது. சத்தம் நான்கு சுவரிலும் மோதித் திரும்பித் திரும்பி வந்தது. அவன் கேட்க ஆசைப்பட்ட சத்தம் அதுதான்.

ஸஃப்வான் மண்டியிட்டுத் தரையில் கையை ஓட்டினான். சுவரில் தேடினான். பிய்ந்த ஒயரின் முனை கைக்கு அகப்படவே இல்லை.

"இதோப்பா, இதோ," என்று முனகினான். "பயப்படாதடா கண்ணா, அப்பா இங்கதான் இருக்கேன். இதோ போட்டுடறேன்."