களத்துச் சத்தம்

"வெக்கப்படாத. களத்துல குடுப்பியே, அந்தச் சத்தம். இன்னொரு தபா குடு" என்றான் கௌஸ் மைதீன். டேப் ரிக்கார்டரின் சிவப்புப் பொத்தானில் விரலை வைத்திருந்தான்.

மஸூதா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். கல்யாணமாகி நாற்பது நாள். நாளைக் காலை அவன் விமானம் ஏற வேண்டும்.

"ஏண்டா, அவனவன் பொண்டாட்டிய ஆசையா நாலு வார்த்த பேசச் சொல்லி டேப்புல புடிச்சிக்கினு போறான். நீ காக்கா ஓட்டச் சொல்றியே" என்றாள் அவன் அக்கா சுராயா.

"எனக்கு அதான் வேணும்."

சுராயா சிரித்தாள். பழவேற்காடு முழுக்கத் தெரிந்த கதை அது.

பெண் பார்க்க வந்த அன்று ஆண்களைக் கருவாட்டுக் களத்தின் ஓரமாக நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தார்கள். ஓலைத் தட்டிக்குப் பின்னாலிருந்து மஸூதா காக்காய்களை விரட்டினாள். அடிவயிற்றிலிருந்து எழும்பி, உச்சியில் சட்டென்று அறுந்துபோகும் சத்தம். ஒரே நொடியில் களம் காலியாயிற்று.

கௌஸ் மைதீன் நாற்காலியை விட்டு எழுந்து வானத்தைப் பார்த்தான். "மாமு, யாரு அது?"

"எம் பொண்ணுதாம்பா. தப்பா எடுத்துக்காத" என்று கூசினார் முகம்மது இஸ்மாயில்.

"இன்னொரு தபா குடுக்கச் சொல்லுங்க."

தட்டிக்குப் பின்னாலிருந்து மறுபடி சத்தம் வந்தது. முகத்தைப் பார்க்காமலே சம்மதம் சொல்லிவிட்டான்.

அதற்கு முன் மஸூதா மூன்று வரன்களைத் தட்டிக் கழித்திருந்தாள். மூன்றும் கருவாட்டு வியாபாரம். பத்து வயதிலிருந்து கழியும் கையுமாக வெயிலில் நின்றவள். இவனுக்கு அரபு நாட்டில், ஒரு மலை நகரத்து விமான நிலையத்தில் வேலை. அவளுக்கு அது போதும்.

வேலை என்னவென்று அவள் கேட்காமல் இல்லை.

"ஓடுதளத்துல. நான் போயி நின்னாதான் ஏரோப்ளேன் எறங்கும்" என்றான். மாமனார் ஊரெல்லாம் ஆபீசர் என்றார். அவன் மறுக்கவில்லை.

"மலை மேலயா?"

"ஏழாயிரம் அடி. மேகம் காலுக்குக் கீழ போவும். கடல் இல்ல, மீனு இல்ல, நாத்தம் இல்ல."

"காக்கா?"

அவன் கொஞ்சம் யோசித்தான். "அது எங்கதான் இல்ல?"

வேலை நிரந்தரமானால் குடும்ப விசா கிடைக்கும். மேலே ஒருத்தர் மனது வைத்தால் போதும் என்றான்.

மஸூதா முந்தானையை எடுத்தாள். கண்ணை மூடிக்கொண்டு சத்தம் கொடுத்தாள். கூரையிலிருந்த கோழி கீழே விழுந்து ஓடியது. டேப் தீரும்வரை கொடுக்கச் சொன்னான்.

அவன் போன பிறகு அவள் மறுபடி களத்துக்கு வந்தாள். விசா வருகிற வரைக்கும்தான்.

ஐந்தாம் மாதம், லீவில் வந்த மீஞ்சூர்க்காரர் ஒருவர் ஒரு காசெட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். சுராயா பேட்டரி வாங்கிவரச் செய்தாள். களத்தில் மீன் கீறும் வேலம்மாவும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

"மஸூதா, நல்லாருக்கியா? உன் சத்தத்த இங்க போட்டுக் காட்டினேன். பெரிய ஆபீசர் அசந்துட்டாரு. அவரே வந்து எனக்குக் கை குடுத்தாரு. ஓடுதளம் பக்கத்துல நாலு ஸ்பீக்கர் கட்டிக்கீறாங்க. தெனம் உன்னதான் போடறாங்க."

"யம்மாடி, ஏரோப்ளேன்ல வர்றவங்களுக்கு உன் கொரல்லதான் வரவேப்பா?" என்றாள் வேலம்மா.

"சும்மாரு வேலம்மா. கேளு" என்றாள் சுராயா.

"வர்ற வெள்ளிக்கிழமை ஊருக்கு வரேன். அத்தாகிட்ட சொல்லிடு. உன்னாண்ட இன்னொரு விசயம்..."

டேப் தீர்ந்து பொத்தான் எகிறியது.

"ஒரு வருசம் ஆவல, அதுக்குள்ள லீவு குடுத்துட்டாங்கன்னா இன்னா அர்த்தம்? விசா வந்துருச்சுடி! கூட்டிக்கினு போவத்தான் வரான்!" சுராயா அவளைக் கட்டிக்கொண்டாள்.

மஸூதா களத்துக்கு ஓடினாள். அத்தா முகம்மது இஸ்மாயிலிடம் சொன்னாள். அவர் மேலே பார்த்துக் கையேந்தினார். அவள் கழியை எடுத்து முழங்காலில் வைத்து இரண்டாக ஒடித்தாள். இரண்டு துண்டையும் ஏரியில் எறிந்தாள்.

காயும் நெத்திலியின் மேல் காக்காய்கள் வந்து இறங்கின. பத்து, இருபது. மஸூதா பார்த்துக்கொண்டு நின்றாள். வாயைத் திறக்கவில்லை.

"ஏய், வாடி. இன்னொரு பக்கம் கீது" என்று வாசலிலிருந்து கூப்பிட்டாள் சுராயா.

காசெட்டைத் திருப்பிப் போட்டார்கள். கொஞ்ச நேரம் வெறும் காற்று இரைந்தது. பிறகு அவன் தொண்டையைச் செருமும் சத்தம்.

"டேப்பே போதும், காக்கா ஓட்ட இனிமே ஆளு வேணாம்னு என்னை அனுப்பிட்டாங்க மஸூதா."