வாசலை நோக்கி முளைத்த மூங்கில்

கிட்டே வந்து உட்காருங்கள், என் செல்லங்களா. பனியில் செத்துப் பிழைத்த ஒரு மூங்கிலின் கதை சொல்கிறேன்.

பல்கேரியா நாட்டு ப்ளோவ்டிவ் ஊரில், டிசம்பரில் வரும் இக்னாத் திருநாளன்று வீட்டுக்குள் முதலில் நுழைபவரின் ராசிதான் வருடம் முழுக்க. ஒரு குளிர்காலம் பனி இடுப்பளவு கொட்டியது. திருநாளன்று டோன்காவின் வீட்டுக்கு யாருமே வரவில்லை. தோட்டத்து மூங்கிலும் கருகிவிட்டது.

"வெட்டிப் போட்டுடலாமா?" என்றாள் டோன்கா.

"பொறுடி அவசரக்காரி. வேரு உசிரோடதான் இருக்கு," என்றான் கணவன் ரங்கேல்.

மே மாதம் குருத்து விட்டது, பழைய புதரில் அல்ல. வேலியருகே இடப்பக்கம் ஒன்று, சற்று முன்னால் வலப்பக்கம் ஒன்று, மறுபடி இடப்பக்கம். ஆள் நடந்து வரும் காலடிகளின் இடைவெளி. டோன்கா வெட்ட வெட்ட, அடுத்தது வாசலுக்கு இன்னும் பக்கத்தில் முளைத்தது. அவள் கைக்குழந்தையின் தொட்டிலை உள்ளறைக்கு மாற்றினாள்.

ஒரு காலையில் குருத்து நிலைப்படி தாண்டி, தரைப்பலகையைப் பிளந்து நின்றது.

ரங்கேல் சிரித்தான். "திருநாளுக்கு வராத விருந்தாளி இப்பத்தான் வந்திருக்காரு. வாங்க ஐயா, உள்ள வாங்க!"

"ஐயோ, கூப்பிடாதய்யா!"

உள்ளறையில் அழுதுகொண்டிருந்த குழந்தை சட்டென்று அடங்கியது. யாரோ நிதானமாக ஆட்டுவதுபோலத் தொட்டில் கிரீச்சிட்டது.

உங்கள் வீட்டு நிலைப்படியை நல்ல பாதங்களே மிதிக்கட்டும், கண்ணுகளா.