ஆறு மணிக்குப் புறப்பட்ட லொறி

கினிகத்தேனைப் பொலிஸ் வாசலில் சோலைமலை லொறியை ஓரங்கட்டினான். சாவியை எடுத்து மடியில் சொருகிக்கொண்டான்.

"இதுக்கு மேல ஓட்ட மாட்டேங்க ஐயா. பதினோரு மணி நேரம் முடிஞ்சு போச்சு."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த தேயிலைத் தோட்டத்துக் கிளாக்கர் கணேசமூர்த்தி பின்பக்கம் திரும்பிப் பார்த்தார். பின்னால் இருப்பது கொழும்பிலிருந்து ஏற்றி வரும் பியானோ. துரையின் மனைவி, துரைசாணி கேட்டது. இன்று மாலை பங்களாவில் விருந்து. ஐந்து மணிக்குள் வராவிட்டால் நாளைக்கு ஆபீஸ் பக்கம் தலைகாட்டாதே என்று துரை சொல்லியிருந்தார். தோட்டம் இருக்கும் டிக்கோயாவுக்கு இன்னும் முக்கால் மணி நேர ஏற்றம்.

ஒரு நாளில் பதினோரு மணி நேரத்துக்கு மேல் லொறி டிரைவரிடம் வேலை வாங்கக் கூடாது என்று சட்டம் இருந்தது. இருந்தது, அவ்வளவுதான். எந்தத் தோட்டத்திலும் எவனும் அதை மதித்ததில்லை. இவனுக்கு மட்டும் இன்றைக்கு ஞானம் பிறந்துவிட்டது.

"சோம்பேறிப் பயலே, பியானோ வர்ற அன்னைக்குத்தானா உனக்குச் சட்டம் ஞாபகம் வருது?"

சோலைமலை பீடி பற்றவைத்தான்.

கிளாக்கர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நாலேகால். உடனே தெம்பு வந்தது. காலையில் ஆளெடுக்கும் பெரட்டுக்குத் தப்பு அடித்தபோதுதான் லொறி புறப்பட்டது. தோட்டத்து மணிக்கூட்டில் சரியாக ஆறு. டிரைவர் புத்தகத்தில் அவரே எழுதி முத்திரையும் குத்தியிருக்கிறார். அப்படியானால் ஐந்து மணிவரை ஓட்டலாம். கணக்கு அவர் பக்கம்.

சத்தம் கேட்டு சார்ஜன்ட் வெளியே வந்தார். கிளாக்கர் தனக்குத் தெரிந்த சிங்களத்தில் நியாயம் சொல்லி, புத்தகத்தை நீட்டினார்.

சார்ஜன்ட் முதல் வரியைப் படித்தார். இரண்டாவது வரியையும் படித்தார். பிறகு நிதானமாகச் சிங்களத்தில் கேட்டார்.

"ஆறு மணிக்குத் தோட்டத்தை விட்ட லொறி, அஞ்சரைக்கு எப்படி அட்டனைத் தாண்டிச்சு? பின்னால ஓடுச்சா?"

இரண்டாவது வரி அட்டன் பொலிஸ் எழுதியது. காலை ஐந்தரை. கீழே கையெழுத்து.

கிளாக்கருக்கு இப்போதுதான் நினைவு வந்தது. அட்டனில் பிளேன்டீ குடிக்கிறேன் என்று சோலைமலை இறங்கிப் போனான். கக்கத்தில் இந்தப் புத்தகம் இருந்தது. இவர் அரைத் தூக்கத்தில் இருந்தார்.

சோலைமலை சார்ஜன்டுக்குக் கிளாக்கரின் மணிக்கட்டைக் காட்டினான்.

"ஐயா கையில கட்டியிருக்கிறது ஸ்டேஷன் நேரம். தோட்டத்து மணிக்கூடு அதுக்கு முக்கால் மணி முன்னால ஓடுதுங்க. ஊருக்கு அஞ்சேகால்னா எங்களுக்கு ஆறு. அதுக்குச் சாவி குடுக்கிறதே ஐயாதான், கேட்டுப் பாருங்க."

கேட்க என்ன இருக்கிறது? ஆட்களை இருட்டோடு எழுப்பி மலைக்கு ஏற்றத் துரை போட்ட உத்தரவு அது. தொழிலாளர் லயத்தில் எல்லோருக்கும் தெரியும். வாய் திறந்தவன் இல்லை.

சார்ஜன்ட் பங்களாவுக்குப் போன் போட்டார். துரையின் குரல் முதலில் வாசல்வரை கேட்டது. புத்தகத்தில் பொய் நேரம் எழுதினால் வழக்கு என்றதும் அறைக்குள்ளேயே அடங்கிப்போனது.

பேசி முடித்தார்கள். நாளையிலிருந்து தோட்டத்து மணிக்கூடு ஸ்டேஷன் நேரத்தில் ஓட வேண்டும். சார்ஜன்ட் எந்த நாளிலும் திடீரென்று வந்து பார்ப்பார். இந்த ஒரு தடவை வழக்கு இல்லை.

பியானோ அன்றைக்குப் பொலிஸ் வளவில் லொறியோடு கிடந்தது. பங்களாவில் கிராமபோன் வைத்து ஆடினார்கள். கிளாக்கரும் டிரைவரும் பஸ்ஸில் திரும்பினார்கள். இருவரையும் துரை வேலையை விட்டு நிறுத்தவில்லை. நிறுத்தினால் மணிக்கூட்டுக் கதை ஊரெல்லாம் போகும்.

மறுநாள் பெரட்டுக்குத் தப்பு அடித்தபோது விடிந்திருந்தது. ஆள் முகம் ஆளுக்குத் தெரிந்தது. பிந்தி வருகிறாள் என்று கிளாக்கர் அந்த வாரமே மூன்று தடவை பேர் போடாமல் விரட்டிய கைப்பிள்ளைக்காரி ராக்காயி, இன்று முதல் ஆளாய் நின்றாள். பிள்ளைக்குப் பால் கொடுத்து, பிள்ளைக்காம்பரா ஆயாவிடம் விட்டு, தலைவாரிப் பூவும் வைத்திருந்தாள். பொம்பளைகள் சிரித்துப் பேசிக்கொண்டு கூடையை மாட்டினார்கள். பிந்தி வந்தாள் என்று விரட்டக் கிளாக்கருக்கு ஓர் ஆள்கூடக் கிடைக்கவில்லை.

கிளாக்கருக்கு எரிந்தது. லொறியை எடுத்துவரப் பஸ்ஸுக்குக் கிளம்பிய சோலைமலையை மறித்தார்.

"முக்கால் மணி நேரம் கூட ஓட்டியிருந்தா உன் முதுகு முறிஞ்சா போயிருக்கும்?"

சோலைமலை சாவியை விரலில் சுழற்றிக்கொண்டே, கூடையோடு மலையேறும் பொம்பளைகளைக் காட்டினான்.

"எனக்கென்னங்க ஐயா, நான் நுவரெலியா வரைக்கும்கூட ஓட்டியிருப்பேன். அந்த முக்கால் மணி நேரம் இவங்களோடதுங்க."