இருபதும் தப்பு

"எல்லாரும் கேட்டுக்குங்க! என் பொண்டாட்டி இருபதுக்கு முட்டை!"

கேன்டீன் நடுவில் நின்று, அவள் விடைத்தாளைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினான் அவன். பெஞ்சில் இருந்த மனைவி தலையைக் குனிந்துகொண்டாள்.

பம்ப் கம்பெனியில் சூப்பர்வைசர் வேலை ஒன்று காலி. போட்டி புருஷன் பெண்டாட்டி இருவருக்குள்தான். இருபது பேரிங்கை விரலால் சுழற்றிப் பார்த்து, ஒவ்வொன்றும் நல்லதா கெட்டதா என்று எழுத வேண்டும். அவனுக்குப் பதினைந்து சரி. அவளுக்கு ஒன்றுகூட இல்லை. காலையில்தான் அவன் கைக்கு ஆர்டர் வந்தது. இந்த லட்சணத்தில் இவனுக்குப் பதவி வேறு!

"கட்டினவ மானத்தை இப்படிக் கப்பலேத்துறியே, நீயெல்லாம் மனுஷனா?" லேத்து ஓட்டும் அக்கா சீறினாள்.

"அப்புறமா திட்டுங்கக்கா. இப்போ எல்லாரும் ஆளுக்கொரு காசை எடுங்க. இருபது தடவை சுண்டுங்க. தலை விழுந்தா சரி, பூ விழுந்தா தப்பு."

வேடிக்கை யாருக்குக் கசக்கும்? முப்பது பேரும் சுண்டினார்கள். சத்தம் கேட்டு வந்த மேனேஜரும் சுண்டினார்.

"எனக்குப் பதினொண்ணு சரி."

"எனக்கு ஒம்போது."

அக்காவுக்கு ஆறு.

"முட்டை யாருக்காவது?"

ஒருவருக்கும் இல்லை.

"பார்த்தீங்களா சார்? ஒண்ணுமே தெரியாம குத்துமதிப்பா எழுதினாலும் பத்தை ஒட்டித்தான் வரும். இருபதும் தப்பாகிறது பத்து லட்சத்துல ஒரு தடவை நடந்தா உண்டு."

"அப்போ இவங்களுக்கு ஒண்ணும் தெரியாதுங்கிறதுக்கு வாய்ப்பு, பத்து லட்சத்துல ஒண்ணா?"

"அப்படித் திருப்பக் கூடாது சார். ஒண்ணும் தெரியாதுன்னு வச்சுக்கிட்டா, இந்த மார்க் வர்றதுக்குத்தான் அந்த வாய்ப்பு. சரக்கைச் சோதிக்கிறப்போ வாய்ப்பு நூத்துல அஞ்சுக்குக் கீழே போனாலே தற்செயல்னு நாம நம்புறதில்ல. இதை எப்படி நம்புறது? எல்லாம் தெரிஞ்சே மாத்தி எழுதியிருக்கா. பரீட்சையில ஏமாத்தியிருக்கா சார்!"

"இன்னுமா விடமாட்டே?" என்றாள் அக்கா.

மேனேஜர் முகம் இறுகியது. "எதுக்காக?"

"அது கணக்குல வராது. அவளைத்தான் கேக்கணும்."

அவள் மெல்ல எழுந்தாள். கண் கலங்கியிருந்தது.

"நான் ஜெயிச்சா உங்க முகம் வாடிடுமேன்னுதாங்க..."

அவன் வாய் கொள்ளாமல் சிரித்தான். சட்டைப் பையிலிருந்து ஆர்டரை எடுத்து மேனேஜர் கையில் வைத்தான்.

"ஏமாத்தினதுக்குத் தண்டனை வேணாமா சார்? இதுல என் பேரை அடிச்சுட்டு இவ பேரை எழுதுங்க. நாளையிலேர்ந்து என்னை இவதான் கட்டி மேய்க்கணும்!"