இன்னும் ஒரு ரவுண்டு

கலியபெருமாளின் காரில் ஏபிஎஸ் பிரேக் எச்சரிக்கை விளக்கு எரிவதும் அணைவதுமாக இருந்தது. மெக்கானிக் ஜாபர் கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்தார். சக்கரத்து சென்சாரில் கோளாறு என்று காட்டியது. எதனால் என்று காட்டவில்லை.

"எந்த எடத்துல எரியுதுங்க?"

"எங்க ஊரு ரோட்லதான் பாய். கூட வந்து பாருங்களேன்."

இடஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்துகொண்டிருந்த சமயம். பஸ், லாரி எதுவும் இல்லாமல் சங்கராபுரம் சாலை வெறிச்சோடிக் கிடந்தது. ஊர் எல்லையில் யாரோ உளுந்துச் செடியைச் சாலை முழுக்கப் பரப்பியிருந்தார்கள். ஜாபர் அதன் மேலேயே போனார், வந்தார். விளக்கு எரியவில்லை.

"இன்னும் ஒரு ரவுண்டு போங்க பாய். கொஞ்சம் ஓரமா போங்க, அங்கதான் எரியும்."

வெயில் ஏறிய பிறகு ஒருவழியாக விளக்கு எரிந்தது. ஜாபர் இறங்கிக் குனிந்து பார்த்தார். சென்சாரைச் சுற்றி உளுந்துச் செடி சிக்கியிருந்தது. பிடுங்கி எறிந்துவிட்டு வண்டியை நகர்த்தினார். விளக்கு அணைந்தது.

"இதான் கோளாறு. வண்டி போற ரோட்ல கொட்டி வெச்சிருக்கானே, எவன் வூட்டு உளுந்துங்க இது?"

கலியபெருமாள் தலையைச் சொறிந்தார்.

புளியமரத்தடியிலிருந்து முறத்தோடு வந்தாள் அவர் மனைவி அஞ்சலாட்சி.

"போதும் பாய், உளுந்து நல்லா உதிர்ந்துடுச்சி. ஏறி மிதிக்க பஸ்ஸு வராததால ரெண்டு நாளா இவரே காரை செடி மேல ஏத்திக்கினு இருந்தாரு. ஒண்ணும் ஆவல. நீங்க வந்துதான் வேலை முடிஞ்சிது."

ஜாபர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மறுபடியும் காரில் ஏறி உட்கார்ந்தார்.

"அந்த ஓரத்துல இன்னும் கொஞ்சம் உதிராம கெடக்கு. தள்ளி நில்லும்மா."