அருகில் யாரும் இல்லை

புள்ளிகள் ஒவ்வொன்றாக அணைந்துகொண்டிருந்தன.

அவன் போனையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு புள்ளி என்றால் ஓர் ஆள். காலையில் அருவிப் பாதை முழுக்க அம்மை போட்டதுபோல் இருந்தது. இப்போது கீழ்க்குளத்தில் மட்டும் நாலைந்து.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவையும் போயின.

கடவுள் இருக்கிறார் என்று நினைத்தான்.

தாலி கட்டிய நாளிலிருந்து அவனும் அவளும் தனியாக இருந்தது லிப்டில்தான். அதுவும் மூன்றாவது மாடி வரை. தேனிலவுக்கே வேனில் இரண்டு சித்தப்பாக்கள், ஓர் அத்தை, அத்தையின் மாத்திரை டப்பா. எல்லார் கண்ணிலும் மண்ணைத் தூவிவிட்டு இருவரும், ஓடைக்கு நடுவே கிடந்த பாறையைத் தாண்டி, மேல்குளத்துக்கு ஏறி வந்திருந்தார்கள்.

காட்டுக்குள் டவர் கிடையாது. செக்போஸ்டில், கழுத்தில் விசில் தொங்கிய வனக்காவலர் ஒருவர் அவன் போனில் இந்தப் புள்ளி காட்டும் ஆப்பை ஏற்றிவிட்டிருந்தார். அங்கே கிளம்பும் சேதி ஒரு போனிலிருந்து பக்கத்துப் போனுக்குத் தாவித் தாவி மலையேறும். வழிநெடுக ஆள் இருந்தால் போதும். இதுவரை ஏறி வந்தவை: அருவியின் தலபுராணம், மூலிகை எண்ணெய்க் கடை விளம்பரம், மறுபடியும் எண்ணெய்.

கொஞ்ச நேரமாக எண்ணெயும் வரவில்லை.

"ஏங்க, தண்ணி ஏன் டீ கலர்ல வருது?"

அவள் முழங்கால்வரை நீரில் நின்றிருந்தாள். சருகும் சுள்ளியும் அவள் காலைச் சுற்றிக்கொண்டு போயின.

"மூலிகைத் தண்ணிம்மா. இதுலயே போட்டிருக்கான்."

போட்டுத்தான் இருந்தது. வேர்களைத் தழுவி வருகிறதாம்.

அதுவரை அவர்கள் பையை நோட்டம் விட்டுக்கொண்டிருந்த குரங்குகள், குட்டிகளை வயிற்றோடு அணைத்துக்கொண்டு உச்சிக்கிளைக்குப் போய்விட்டன.

நாகரிகம் தெரிந்த குரங்குகள்.

திரையில் எழுத்து மிதந்தது: இப்போது உங்கள் அருகில் யாரும் இல்லை. இயற்கையை ரசியுங்கள்.

அவன் அவளை நோக்கி நீரில் இறங்கினான்.

கையில் போன் அதிர்ந்தது.

வரைபடத்தின் அடி ஓரத்தில் ஒரு புள்ளி. ஒண்டியாக. எல்லாரும் போன திசைக்கு எதிராக, நேரே அவர்களை நோக்கி ஏறி வந்தது.

நடக்கிற வேகமில்லை. ஓடுகிற வேகம்.

சின்னச் சித்தப்பா. வேறு யார்? அவருக்கு இத்தனை வேகம் ஏது என்று ஒரு கணம் யோசித்தான். சாப்பாடு ஆறுகிறதென்றால் ஓடக்கூடியவர்தான்.

சேதி ஒன்று இறங்கத் தொடங்கியது. சின்ன வட்டம் சுழன்றது.

நம் புள்ளியும் அவருக்குத் தெரியுமே என்பது அப்போதுதான் உறைத்தது. அவள் போன் வேனில் சார்ஜில் கிடந்தது. இருப்பது இது ஒன்றுதான்.

வட்டம் நிற்பதற்குள் பொத்தானை அழுத்திப் பிடித்தான்.

திரை கறுத்தது.

கீழே எங்கோ விசில் சத்தம். விடாமல் ஊதியது. சற்றுத் தயங்கியது. பிறகு வந்த வழியே தேய்ந்து போனது.

"இனிமே நாம இங்க இருக்கறது ஒருத்தனுக்கும் தெரியாது."

அவள் சிரிக்கவில்லை. அவன் தோளுக்குப் பின்னால் கரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, நாம தாண்டி வந்த பாறை எங்க?"